எந்தப் பர்சோ? – ஆற்று விளிம்பை விட்டு நம் பாதை விலகிய கதை

அரியணை துறந்து அடவி நடந்த திருவடிகளை முதற்கண் வணங்குகிறேன். கல்லின் கூர்மையும் வெயிலின் கடுமையும் தாமே அறிந்த அத்திருவடிகள், நடக்கின்ற யாவர்க்கும் முன்னே நடந்து காக்கட்டும்.

இன்று ஸ்ரீராம நவமி. பூசை முடிந்துவிட்டது. வெல்லமும் மிளகும் ஏலமும் கரைத்த பானகம் கூடத்தில் பித்தளைப் பாத்திரத்தில் இருக்கிறது. ஹைதராபாத் மெட்டுகுடாவில் எங்கள் தெரு முனையில் போட்டிருக்கும் பந்தலில் மைக்செட் காலையிலிருந்து பாடிக்கொண்டிருக்கிறது. "இந்தச் சத்தத்தில் உங்களால் எப்படி எழுத முடிகிறது?" என்று வீட்டில் கேட்டார்கள். இந்தச் சத்தம் இருப்பதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன் என்று சொன்னேன். அவர்களுக்குப் புரியவில்லை. படித்து முடித்தால் உங்களுக்குப் புரியும்.

நம் நடைப்பயணச் சங்கத்தின் வழித்தடப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளம் நண்பர்களே, சென்ற மாதம் உங்களை வரவேற்க நடந்த கூட்டத்தில், என்னையும் ஓய்வு பெற்றவள் என்ற மரியாதைக்காக அழைத்திருந்தார்கள். உங்களில் ஒருவர் எழுந்து கேட்டார்: "மேடம், ஆத்து விளிம்புல அவ்வளவு சூப்பரான காடு இருக்கு. அதை விட்டுட்டு நம்ம ட்ரெயில் ஏன் பருத்திக்காட்டுக்குள்ள, சோடாக் கடை வாசல் வழியா போகுது? யார் போட்டது இந்த ரூட்?" எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். மேடையில் சொல்லக்கூடிய விடையாக அது இல்லை என்பதால் அன்று பேசாமல் இருந்துவிட்டேன். அந்த விடையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம் பாதை நகரின் தெற்கு விளிம்பில் பேருந்து திரும்பும் இடத்தில் தொடங்கி, பாறைக் குன்றுகளும் ஏரிக்கரைகளும் கடந்து, கிருஷ்ணா ஆற்றின் கரையில் முடிகிறது. முழுவதும் நடக்கப் பல நாட்கள் பிடிக்கும். பெரும்பாலோர் விடுமுறைக்கு விடுமுறை ஒவ்வொரு பகுதியாக நடக்கிறார்கள். இவையெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. தெரியாதது ஒன்று உண்டு. முன்பு அதன் ஒரு பகுதி, ஒரு முழுப் பகல் நடக்க வேண்டிய பகுதி, ஆற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பை ஒட்டியே சென்றது. அலுவலகத்தில் அதை 'விளிம்பு' என்று மட்டும் சொல்வோம். வலப்புறம் செங்குத்தான சரிவு. அதன் அடியில் ஆறு, பச்சைப் பட்டுத்துணியை உதறிப் போட்டாற்போல் கிடக்கும். இடப்புறம் தேக்கு மரங்கள் அடர்ந்த நீண்ட மேடு. நாள் முழுக்க நடந்தாலும் ஒரு கூரை கண்ணில் படாது. அந்த ஒரு நாளுக்காகவே பெங்களூரிலிருந்தும் புனேயிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

அந்த விளிம்பைக் கண்டுபிடித்தவர் எங்கள் தலைவர். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்நகரின் போலாரம் பகுதியில் வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே குடியிருக்கும் தமிழ்க் குடும்பம். அவரை எல்லோரும் கர்னல் சார் என்றே அழைத்ததனால் இங்கும் அப்படியே எழுதுகிறேன். வரைபட அலுவலகத்தில் கோடு வரைந்தே காலம் கழித்து ஓய்வு பெற்றிருந்த என்னை, "வீட்ல உக்காந்து என்ன மா பண்ணப் போறீங்க? பேனாவை எடுத்துட்டு வாங்க" என்று இந்த வேலைக்கு இழுத்து வந்தவர் அவரே. நிலத்தைப் பார்க்கும் கண் அவருக்கு இருந்தது. ஒரு சரிவைப் பார்த்த மாத்திரத்தில் மழைநீர் எங்கே திரும்பும், களைத்த கால் எங்கே வழுக்கும் என்று சொல்லிவிடுவார். பாதை போடுவது பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவரிடம் கற்றது. அவருடைய விளிம்பைத்தான் பிற்பாடு நாங்கள் கைவிட நேர்ந்தது.

விளிம்பில் ஒரு குறை இருந்தது. அந்த நீண்ட பகலில் குடிநீர் கிடைப்பது ஒரே இடத்தில்தான்: பாதி வழியில், பாறை இடுக்கில் ஓர் ஊற்று. நடப்பவர்கள் பாதி நாளுக்கு வேண்டிய தண்ணீரைச் சுமந்து வந்து, அங்கே நிரப்பிக்கொண்டு மேலே போவார்கள். ஆகவே எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சுவரில் பெரிய வரைபடம். பாதை நெடுகக் குண்டூசி குத்திச் சிவப்பு நூல் கட்டியிருப்போம். ஊற்று இருக்கும் இடத்தில், அண்மையில் யாராவது போய்த் தண்ணீரைக் கண்ணால் பார்த்திருந்தால் நீலத் தலைக் குண்டூசி, பார்க்கவில்லையென்றால் வெள்ளை. வெள்ளை இருக்கும்போது விளிம்புக்கு யாரையும் அனுப்புவதில்லை.

அந்த ஆண்டு கோடை முன்கூட்டியே வந்துவிட்டது. ராம நவமி விடுமுறையில் ஒரு குழுவை விளிம்புக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு யாழினிக்கு வந்தது. இன்று உங்கள் பிரிவின் தலைவியாக இருக்கும் அதே யாழினிதான். அவர் சொல்லச் சொன்னதனால்தான் பெயரோடு எழுதுகிறேன். அப்போது அவர் கோயம்புத்தூரிலிருந்து வந்து, கணினி நிறுவன வேலையை விட்டு, எங்களோடு சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. பள்ளியில் இந்தி படித்தவர். அதில் அவருக்கு நல்ல நம்பிக்கை. வரைபடத்தில் வெள்ளைக் குண்டூசி இருப்பதைக் கண்டு, அவர் நேரே கர்னலிடம் போய்க் கேட்டிருக்கிறார்.

"சார், விளிம்பு ஊத்துல தண்ணி இருக்குங்களா? யாராச்சும் பாத்தாங்களா?"

"ஹவ் மா, இருக்கு. பர்சோ நானே பாத்தேன். கண்ணாடி மாதிரி இருந்துச்சு. கைக்கு டென்ஷன், ஏன் பயப்படறீங்க?"

யாழினி மகிழ்ந்து போய் நீலக் குண்டூசியைக் குத்திவிட்டார்.

இந்த ஊருக்குப் புதியவர்கள் இங்கே சற்று நிற்க வேண்டும். பள்ளிக்கூட இந்தியில் பர்சோ என்றால் முந்தாநாள். ஹைதராபாத்தில் கடந்துபோன எந்த நாளும் பர்சோதான். முந்தாநாளும் பர்சோ, போன தீபாவளியும் பர்சோ, பழைய நண்பனைச் சாலையில் கண்டு, "பர்சோதானே உன் கல்யாணத்துக்கு வந்தேன்" என்பார்கள், அந்தக் கல்யாணத்துக்குப் பின் பிறந்த பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும். தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழும் எங்களைப் போன்ற குடும்பங்களில் தமிழ் பேசும்போதும் அந்தப் பர்சோ கூடவே வந்துவிடுகிறது. கர்னல் பொய் சொல்லவில்லை. யாழினி தவறாகக் கேட்கவுமில்லை. ஒரே சொல்லை இருவரும் வேறு வேறு நாட்காட்டியில் வைத்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

நவமியன்று வீட்டில் பூசை முடித்து நான் அலுவலகம் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. குழு விடியற்காலையிலேயே காட்டின் வாயிலில் இறங்கி நடக்கத் தொடங்கிவிட்டது. யாழினியோடு ஏழெட்டுப் பேர். கர்னல் மட்டும் நாற்காலியில் முழங்காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அறுவை செய்த முழங்கால். நான் சுவரைப் பார்த்தேன். நீலம்.

"ஊற்றை யார் சார் போய்ப் பார்த்தது?"

"நான்தான் மா. பர்சோ."

எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. "இந்த முழங்காலோடு முந்தாநாள் விளிம்புக்குப் போய் வந்தீர்களா? எந்தப் பர்சோ சார்?"

அவரும் சிரித்துக்கொண்டேதான் தொடங்கினார். "அதான் மா... ஆபரேஷனுக்கு முன்னாடி... பதுகம்மா நடந்துட்டிருந்தது இல்ல, அப்போ..." என்றவர் பாதியில் நிறுத்தினார். பதுகம்மா என்பது இவ்வூரில் தசராவை ஒட்டி வரும் பூத் திருவிழா. மழைக்காலம் முடியும் நேரம். அப்போது அந்த ஊற்றில் மட்டுமா, எந்தப் பாறையில் கை வைத்தாலும் தண்ணீர் இருந்திருக்கும். அவருடைய முகத்திலிருந்து சிரிப்பு இறங்குவதை நான் பார்த்தேன். அவரும் திரும்பிச் சுவரில் இருந்த நீலக் குண்டூசியைப் பார்த்தார்.

விளிம்பில் கைப்பேசிக்குச் சமிக்ஞை கிடையாது. ஊற்றைத் தாண்டிச் சற்று ஏறினால் ஒரு மொட்டைப் பாறை உண்டு. அதன் உச்சியில் மட்டும் எடுக்கும். குழுத் தலைவர் அங்கிருந்து அலுவலகத்துக்குப் பேச வேண்டும் என்பது நாங்கள் வைத்த விதி. ஆகவே, ஊற்றின் நிலையை அவர்கள் பார்த்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். பாறையை விட்டு இறங்கிவிட்டால் மறுபடி பேச முடியாது. எங்களுக்குக் கிடைக்கப்போவது ஒரே ஓர் உரையாடல்.

காத்திருக்கும் நேரத்தில் இரண்டு காரியம் செய்தேன். வாய் தன்போக்கில் பாசுரம் சொல்லிக்கொண்டிருந்தது. அதை நான் செய்த காரியமாகக் கணக்கில் சேர்க்கவில்லை. முதலாவதாக, பீரோவிலிருந்து சாதாரண அரசு வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தேன். எங்கள் பாதை வரைபடத்தில் ஆறு இருந்தது, விளிம்பு இருந்தது, மேட்டில் தேக்குமரம் கூடப் படமாக இருந்தது. மேட்டுக்கு இடப்புறம் வெறும் வெள்ளைத்தாள். பார்க்க அழகாக எதுவும் இல்லாத பக்கத்தை நாங்கள் வரைவதில்லை. அரசு வரைபடத்துக்கு அழகு தெரியாது. அது எல்லாவற்றையும் காட்டியது. மேட்டுக்கு அப்பால் பருத்தி வயல், ஒரு சிற்றூர், அங்கிருந்து மேட்டின்மேல் ஏறிவரும் ஆட்டுத் தடம்.

இரண்டாவதாக, ஃபாரூக் பாயை அழைத்தேன். எங்கள் ஜீப் ஓட்டுநர். விடியலில் குழுவை இறக்கிவிட்டு, மாலையில் மறுமுனையில் ஏற்றிக்கொள்ள ஊர்களைச் சுற்றிக்கொண்டு போய்க்கொண்டிருப்பார். தொலைபேசியை எடுத்தார், ஆனால் அவர் குரலுக்கு மேலே பஜனை கேட்டது.

"பாய், எங்கே இருக்கீங்க?"

"சாய் பீ ரஹா அம்மா, டீ குடிச்சிட்டிருக்கேன்! ஊர் பேர் தெரியல. ராமநவமி பந்தல் போட்டிருக்காங்க, மைக்கு காதைக் கிழிக்குது. என்ன? சத்தமாச் சொல்லுங்க!"

ஊர்ப் பெயரை யாரிடமாவது கேட்டுச் சொல்லச் சொன்னேன். சொன்னார். என் விரல் வரைபடத்தில் இருந்த அதே சிற்றூர். "அங்கேயே இருங்க பாய், நகராதீங்க" என்று சொல்லி வைத்தேன். உண்மையைச் சொன்னால், அந்த மைக்செட் மீது எனக்கு அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. இறைவன் நாமம் கேட்டு எரிச்சல் கொண்ட நாள் என் வாழ்வில் அது ஒன்றுதான்.

பிறகு யாழினியின் அழைப்பு வந்தது.

"மேடம், ஊத்து காஞ்சு கெடக்குதுங்க. சேறு கூட இல்லீங்க. சார் முந்தாநாள்தான பாத்தேன்னாரு? கைல இருக்கற தண்ணி ஆளுக்கு ரெண்டு மடக்குத்தான் வருமுங்க." குரல் நடுங்கவில்லை, அதற்காக அவரை இன்றும் மெச்சுகிறேன். ஆனால் வேகமாகப் பேசினார். "ராமநாதன் சாருக்கு வேற என்னமோ பண்ணுது. காலைல சுகர் மாத்திரை போட்டாரு, வெயில்ல சாப்பிட முடியலன்னு விட்டுட்டாரு. இப்பக் கை நடுங்குது, ஜில்லுன்னு வேர்க்குது."

ராமநாதன் காஞ்சன்பாக் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குழுவில் வயதில் மூத்தவர். எல்லாரையும் கேலி பேசிக்கொண்டு நடப்பவர். அவர் கேலி பேசவில்லை என்றாலே கவலைப்பட வேண்டும்.

"கீழ ஆறு தெரியுதுங்க மேடம். பளபளன்னு தெரியுது. எல்லாரும் இறங்கிடலாம்ங்கறாங்க. என்னால புடிச்சு வைக்க முடியல. இறங்கட்டுங்களா?"

கர்னல் மேசையின் மறுபுறத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். கையை நீட்டினார். "இறங்கச் சொல்லுங்க மா. ஒரு வழி இருக்கு, நான் இறங்கியிருக்கேன். தண்ணி கிடைச்சாப் போதும், மத்தத பாத்துக்கலாம்."

"எப்போது சார் இறங்கினீர்கள்?"

அவர் வாயைத் திறந்தார். வரவிருந்த சொல் என்னவென்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வாயை மூடிக்கொண்டார். கை மெதுவாக மேசைக்குத் திரும்பியது.

இளம் நண்பர்களே, தாகம் எடுத்தவருக்குத் தண்ணீர் இல்லாததை விட, எட்டாத இடத்தில் தண்ணீர் தெரிவது பெரிய அபாயம். அந்தச் சரிவு முழுக்க உருளும் கல். நடுங்கும் கையோடு ஒருவரை அதில் இறக்க முடியாது. இறக்கினாலும் ஏற்ற முடியாது. கீழே ஆற்றோரத்தில் முதலை கிடப்பதையும் பலர் பார்த்திருக்கிறார்கள். வந்த வழியே திரும்புவதென்றால் உச்சி வெயிலில் அரைநாள் நடை. எஞ்சியிருந்தது இடப்புறம், அந்த வெள்ளைத்தாள். மேட்டின் மேல் ஏறி இறங்கினால் ஊர். ஆனால் தடமே தெரியாத காட்டில் எந்தத் திசையில், எதைப் பார்த்து நடக்கச் சொல்வது? யோசிக்கச் சற்று நேரம் வேண்டும் என்பதற்காகவே, "சுற்றி வேறு என்ன தெரிகிறது?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் தெரியலீங்க மேடம். காடுதான். எங்கிருந்தோ மைக்செட் சத்தம் மட்டும் வருது. காலைல இருந்தே வருது. அமைதிக்காகக் காட்டுக்கு வந்தா இங்கயும் ரேடியோவான்னு எல்லாரும் சலிச்சுக்கிட்டாங்க."

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது யாழினி?"

"எனக்கு இடது பக்கம் மேட்டுக்குப் பின்னாலன்னு தோணுது. ஆனா பாதிப் பேரு ஆத்துக்கு அந்தக் கரைலிருந்து வருதுங்கறாங்க. ரெண்டு பக்கமும் கேக்குது மேடம்."

பள்ளத்தாக்கில் ஒலி எதிர்ச்சுவரில் மோதித் திரும்பும். காதை நம்ப முடியாது. அன்று நவமி, அக்கரையிலும் ஒரு பந்தல் இருக்கக்கூடும். தவறான மைக்செட்டை நம்பி அவர்களை நடத்திவிட்டால் எல்லாம் முடிந்தது. "பாறையை விட்டு இறங்காதீர்கள், தொடர்பிலேயே இருங்கள்" என்று யாழினியிடம் சொல்லிவிட்டு, மேசைத் தொலைபேசியில் ஃபாரூக் பாயை அழைத்தேன்.

"பாய், பந்தல்காரர்களிடம் சொல்லி மைக்கைக் கொஞ்சம் நிறுத்தி மறுபடி போடச் சொல்லுங்க. அவசரம்."

"அம்மா, என் பேரு ஃபாரூக். நவமி அன்னைக்கு நான் போய் பஜனையை நிறுத்துன்னு சொல்றதா? நல்ல நாள் பாத்தீங்க!"

"பாய், நம்ம ஆட்கள் தண்ணீர் இல்லாமல் மேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்கள்."

அவர் உடனே பந்தலுக்கு ஓடினார். பந்தலில் என்ன நடந்ததென்று பிறகு அவரே சொன்னார். விஷயத்தைக் கேட்டதும் ஊர்ப் பெரியவர், "எதுக்கு நிறுத்துறது? நீயே பேசு, உன் குரல் தெரியுமில்ல அவங்களுக்கு" என்று தெலுங்கில் சொல்லி, பாடிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து மைக்கை வாங்கி இவர் கையில் கொடுத்துவிட்டாராம். எங்களுக்கு அலுவலகத்தில் கேட்டதெல்லாம் யாழினியின் கைப்பேசி வழியாகத்தான். பஜனை நின்றது. காட்டின் காற்று மட்டும் இரைந்தது. யாழினி, "நின்னுடுச்சுங்க மேடம்" என்றார். பிறகு மிகத் தொலைவில், தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதைப்போல ஒரு குரல்:

"யாழினி மேடம்! இதரிச் ஆவ், இங்கயே வாங்க! ஃபாரூக் பேசறேன்! இதரிச்! பானி ஹை, தண்ணி இருக்கு, பானகம் ஹை, சப் ஹை! சீக்கிரம் வாங்க!"

யாழினி சிரித்தாரா அழுதாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. "நம்ம பாய் மேடம்! பாயோட குரல்!" என்று கத்தினார். பின்னால் எல்லோரும் ஏதேதோ கத்தினார்கள். ஃபாரூக் பாய் இருக்கும் ஊர் மேட்டுக்கு இடப்புறம் என்பது என் கண்முன் வரைபடத்தில் இருந்தது. இனி ஐயமில்லை.

"இடப்புறம் மேட்டில் ஏறுங்கள். ராமநாதன் சாரை நடுவில் வைத்து மெதுவாக. அவருக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது, யாரிடமாவது மிட்டாய் இருந்தால் அவர் வாயில் போடுங்கள். உச்சிக்குப் போனால் ஆட்டுத் தடம் தெரியும். ஊரிலிருந்து தண்ணீரோடு ஆட்கள் எதிரே ஏறி வருவார்கள். சத்தம் வலுத்துக்கொண்டே வரவேண்டும். குறைந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள்."

"சரிங்க மேடம்" என்றார். தொடர்பு அறுந்தது.

பிறகு கேட்க எங்களிடம் எதுவும் இல்லை. நான் மேசைத் தொலைபேசியில் சொன்னபடி, ஃபாரூக் பாய் மைக்கைப் பந்தல்காரர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஊர் இளைஞர்களோடு குடங்களைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறிவிட்டார். பஜனையை இன்னும் உரக்க வைத்துவிட்டுப் போனார்களாம். கர்னல் எழுந்து சன்னலருகில் போய் நின்றார். முழங்கால் வலித்திருக்க வேண்டும், உட்காரவில்லை. நான் பாசுரம் சொன்னேன். ஒரே பாசுரத்தை எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது. வெயில் மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்ந்தது.

தொலைபேசி மணி அடித்தபோது கர்னல்தான் எடுத்தார். கேட்டார். என்னிடம் நீட்டினார். பின்னணியில் பஜனை, அதற்குமேல் ராமநாதனின் குரல், அதுவும் கேலியோடு:

"அம்மா, டாக்டர் எனக்கு இனிப்பே கூடாதுன்னுட்டான். இன்னைக்கு ராமரே செம்பு செம்பா வெல்லத் தண்ணி கொடுக்கிறாரே, வேண்டாம்னு சொன்னா மரியாதையா இருக்குமா, நீங்களே சொல்லுங்க!"

கர்னலைப் பார்த்தேன். அவர் சுவருக்குப் போய் நீலக் குண்டூசியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்து நடந்த கூட்டத்தில் பலர் பலவாறு பேசினார்கள். ஊற்றைச் சரியாகப் போய்ப் பார்த்தால் போதும், விளிம்பை விட வேண்டாம் என்றார்கள். "பாக்கறதுக்கு ஒண்ணுமில்லாத வழியில யார் சார் நடப்பா? நம்ம பாதைக்குப் பேரே விளிம்பாலதான்" என்றார் ஒருவர். யாழினி பர்சோவைப் பற்றி ஒரு சொல் கூடச் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். கர்னல் கடைசிவரை பேசவில்லை. அவர் கண்டுபிடித்த பாதை. அவர் விட்டுக்கொடுத்தால்தான் அது மாறும். எல்லோரும் பேசி ஓய்ந்த பிறகு அவர் எழுந்து, தடியை ஊன்றிக்கொண்டு சுவருக்குப் போனார். விளிம்பு நெடுகக் குத்தியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். சிவப்பு நூல் தொய்ந்து தொங்கியது. அதை இழுத்து, மேட்டுக்கு இடப்புறம் அந்த வெள்ளைத்தாளின் குறுக்கே பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்தார்.

"ஊர் எங்கே மா? காட்டுங்க."

காட்டினேன். அந்த இடத்தில் குண்டூசியைக் குத்தினார்.

"தண்ணி எங்கே இருக்குன்னு கேட்டா பதில் சொல்ல வழியில ஆள் இருக்கணும்" என்றார். "என்னை மாதிரி ஆள் இல்ல. அங்கேயே இருக்கற ஆள்."

விளிம்பு அதன் அழகோடு இன்றும் அங்கேயே இருக்கிறது. நாம் போகாததனால் அதற்கு ஒரு குறையும் இல்லை. மழை முடிந்து ஊற்று நிறையும்போது, அதில் குடிக்க வரும் மான்களுக்கு நாம் வரிசையில் நின்ற காலம் நினைவில் இருந்தால், அவை நிம்மதியடைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அன்றிலிருந்து நம் அலுவலகத்தில் யார் வந்து எதைப் பார்த்தேன் என்று சொன்னாலும், பக்கத்தில் இருப்பவர், "எந்தப் பர்சோ?" என்று கேட்பது வழக்கமாயிற்று. நீங்களும் விளையாட்டாகக் கேட்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். விளையாட்டாகவே கேளுங்கள், ஆனால் கேட்காமல் விடாதீர்கள். கேட்பதால் யாருடைய பெருமையும் குறையாது. நமக்குக் கற்றுக் கொடுத்தவரிடமே கேட்க வேண்டியிருந்தால் சிரித்த முகத்தோடு கேளுங்கள். அன்று நான் சிரித்துக்கொண்டு கேட்டதனால்தான் அவரால் யோசித்துப் பார்க்க முடிந்தது.

புதிய வழியைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். அச்சிற்றூரின் ஏரிக்கரையில் நீங்கள் நடக்கும்போது, ஓரிடத்தில் மேடு சற்றே தாழ்ந்து பிளந்திருக்கும். அந்தப் பிளவின் வழியே, வெகு தொலைவில், ஆற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பு ஒரு செந்நிறக் கோடாகத் தெரியும். நடப்பவர்கள் பலர் அதைக் கவனிப்பதில்லை. பழைய அடியவர்கள் பாடிய தலங்களில் நேரே சென்று கண்டு பாடியவை உண்டு. போக இயலாமல் இருந்த இடத்திலிருந்தே நோக்கித் தொழுது பாடியவையும் உண்டு. இரண்டு வகைப் பாடல்களையும் சிறுவயதிலிருந்து ஓதி வருகிறேன். தொலைவில் நின்று பாடியதில் அன்பு குறைந்ததாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

சென்ற மார்கழியில் கர்னலை ஃபாரூக் பாயின் ஜீப்பில் அழைத்துக்கொண்டு அந்த ஏரிக்கரைக்குப் போனோம். யாழினியும் வந்திருந்தார். தடியை ஊன்றி நின்று, பிளவின் வழியே வெகுநேரம் பார்த்தார். எங்கள் யாரையும் பார்க்காமலே சொன்னார்:

"பர்சோ அங்கே நடந்தேன் மா."

யாழினி அவர் அருகில் போய் நின்றார். "எந்தப் பர்சோங்க சார்?"

கர்னல் சிரித்தார். "எல்லாப் பர்சோவும்தான் மா" என்றார்.

இதைப் படிக்கின்ற யாவரும் நலமாக நடக்கட்டும். காய்ந்த ஊற்றின் முன் நிற்க நேர்ந்தால், பெயர் சொல்லி அழைக்கும் ஒரு குரல் உங்கள் காதில் விழட்டும். வெயில் தணியும் முன் ஒரு செம்பு பானகம் உங்கள் கையில் கிடைக்கட்டும். போன வழியெல்லாம் திரும்பி வரும் வழியாகவும் இருக்கட்டும்.